இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியோடு வெளியே போய்வரும் தமிழ் நண்பர்களுக்கு, குறிப்பாக டெக்சஸில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியே கூடாது என்று நினைக்கிற யாரோ எழுதியது என்று எண்ணி நீங்கள் பாதியில் மூடிவிடக் கூடாது. லைசென்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், மாதம் ஒரு தடவையாவது சுடும் பயிற்சிக்குப் போகிறேன், என் உயிருக்கோ என் வீட்டார் உயிருக்கோ ஆபத்தாக ஒருவன் வந்து நின்றால் துப்பாக்கியை எடுப்பேன். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. இந்த மடல் வேறு ஒரு விஷயத்தைப் பற்றியது.

போன வாரம் நண்பர்கள் குழு ஒன்றில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெரிய கடையின் வாசல். தள்ளுவண்டி நிறையச் சாமான்களோடு இரண்டு பேர் வெளியே ஓடிவருகிறார்கள், பின்னால் கடை ஆள் ஒருவர் கத்திக்கொண்டே வருகிறார், அவர்கள் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே முதல் பதில், "நான் அங்க இருந்திருந்தா கதையே வேற." அடுத்தவர், "ஆளுக்கு ஒண்ணு, கால்ல." அதற்கு இன்னொருவர், "கால்ல எதுக்கு?" என்று கேட்டிருந்தார். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. கோபத்தில் யோசிக்காமல் அழுத்திவிட்டேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த இரண்டு பேரும் யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை, அவர்கள் கையில் ஆயுதமும் இல்லை. அவர்களைக் கொல்வதற்கு நான் சம்மதம் தெரிவித்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பொருள் போகிறதே என்பதற்காக மட்டும், இன்னொரு மனிதரைச் சுடக் கூடாது. சட்டம் விட்டாலும் கூடாது.

சட்டம் விடுமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் நம் குழுவில் எல்லோரும் உடனே எடுத்துக் காட்டுவது டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9.42-ஆம் பிரிவைத்தான். பெரும்பாலான மாநிலங்களில் பொருளைக் காப்பாற்றுவதற்காக மட்டும் உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்த இடமில்லை. டெக்சஸ் இதில் தனி. இரவு நேரத்தில் நடக்கும் திருட்டைத் தடுக்க, அல்லது இரவுத் திருட்டோ, வழிப்பறியோ, கட்டடத்துக்குள் புகுந்து திருடுவதோ செய்த கையோடு பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவரைத் தடுக்க, சில நிபந்தனைகளோடு சுடுவதை அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. வேறு எந்த வழியிலும் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும், அல்லது வேறு வகையில் தடுக்கப் போனால் தனக்கோ பிறருக்கோ உயிராபத்தோ பெருங்காயமோ வரும் என்று நம்பியிருக்க வேண்டும். அடுத்த பிரிவான 9.43 இதை மற்றவர்களுடைய பொருளுக்கும் சில நிலைமைகளில் நீட்டிக்கிறது. ஆக, டெக்சஸில் அடுத்தவர் சொத்துக்காகச் சுட்டுவிட்டு வழக்கில்லாமல் வீட்டுக்குப் போக ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது உண்மைதான்.

அதே மாநிலத்தின் அதே சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் புரட்டுங்கள். 100 டாலருக்குக் குறைவான திருட்டு, முன்பு திருட்டுத் தண்டனை எதுவும் இல்லாதவர் செய்தால், ‘சி’ வகுப்புக் குற்றம், அதாவது மிகச் சிறிய வகைக் குற்றம். அதிகபட்சத் தண்டனை 500 டாலர் அபராதம். ஒரு நாள்கூடச் சிறை கிடையாது. 2,500 டாலரைத் தொடும்வரை சாதாரணத் திருட்டு பெருங்குற்றமாகவே ஆவதில்லை. வக்கீல் வைத்து, சாட்சி விசாரித்து, ஜூரி உட்கார்ந்து, நீதிபதி தீர்ப்பு எழுதி முடித்த பிறகு 500 டாலர் கட்டு என்று சொல்லி அனுப்பக்கூடிய அதே செயலுக்கு, இருட்டிய பிறகு பார்க்கிங் லாட்டில் நின்ற ஒருவர் இரண்டு நொடியில் மரணம் கொடுக்கலாம் என்றால், இதில் எந்தப் பக்கம் சரி? நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரசுக்கே அந்த அதிகாரம் கிடையாது. 2008-ல் லூசியானா வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிமனிதர்களுக்கு எதிரான குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் உயிர் போகாதபோது மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று தீர்த்தது. அது ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட மிகக் கொடிய பாலியல் குற்ற வழக்கு. அதற்கே இல்லாத தண்டனையைத் தள்ளுவண்டிச் சாமான்களுக்குக் கொடுக்கலாம் என்கிறோம் நாம்.

போலீசுக்கும் அந்த அதிகாரம் இல்லை. 1974 அக்டோபரில் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று போலீசுக்குத் தகவல் போனது. பின்கட்டில் ஒரு பையன் வேலியருகே ஓடினான். அவன் கையில் ஆயுதம் இருப்பதாகத் தெரியவில்லை என்று போலீஸ்காரரே பிறகு சொன்னார். ஆனாலும் வேலி ஏறும்போது தலையின் பின்பக்கத்தில் சுட்டார். பையனுக்கு வயது 15. அவனிடமிருந்து எடுத்தது ஒரு பர்சும் பத்து டாலரும். அந்த வழக்கு பதினோரு வருடம் நடந்து, 1985-ல் டென்னசி எதிர் கார்னர் என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆபத்தில்லாத, ஆயுதமில்லாத ஒருவர் தப்பி ஓடுகிறார் என்பதற்காக மட்டும் போலீஸ் அவரைச் சுட்டுக் கொல்ல முடியாது என்று நீதிபதிகள் 6-க்கு 3 என்று சொன்னார்கள். நீதிபதி பைரன் வைட் எழுதிய தீர்ப்பில், பெருங்குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவர்கள் எல்லோரும் தப்புவதைவிடச் சாவதே மேல் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்தத் தீர்ப்பு அரசின் ஆட்களைக் கட்டுப்படுத்துவது, உங்களையும் என்னையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. பயிற்சி பெற்று, சீருடை போட்டு, சம்பளம் வாங்கி, அதற்கென்றே இருக்கிற ஒருவருக்கு இல்லாத உரிமை, ஆறு மணி நேர வகுப்புக்குப் போன எனக்கு ஏன் வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் அந்த வகுப்பும் கட்டாயமில்லை. இன்றைக்கு 29 மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கியோடு வெளியே போகலாம்.

இப்போது 2007 நவம்பருக்கு வாருங்கள். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பாசடீனா என்ற ஊர். பட்டப்பகல். வயது அறுபதைத் தாண்டிய ஒருவர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் ஜன்னலை உடைத்து நுழைவதைப் பார்க்கிறார். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார். அதுவரை அவர் செய்தது எல்லாம் சரி. வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று அழைப்பை எடுத்தவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எந்தச் சொத்துக்காகவும் ஒருத்தரைச் சுடுவது தகாது என்றே சொல்கிறார். இவர் கேட்கவில்லை. ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு பேரும் செத்தார்கள். குண்டுகள் முதுகுப் பக்கம் பாய்ந்திருந்தன. வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, 2008-ல் அவர்மேல் வழக்குப் போட மறுத்துவிட்டது. நம் குழுவில் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கதையில் யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு விவரம் இருக்கிறது. அவர் சுட்டபோது, சாதாரண உடையில் ஒரு போலீஸ் துப்பறிவாளர் ஏற்கெனவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். சுடுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். உதவி வந்துகொண்டிருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னது சும்மா ஆறுதலுக்குச் சொன்ன சொல் இல்லை, உதவி வந்தே விட்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் இவர் கதவுக்கு உள்ளே நின்றிருந்தால் போதும். அடுத்த வீட்டுக்காரரின் பொருள்தானே, அந்த அடுத்த வீட்டுக்காரர் இவரிடம் இரண்டு பேரைக் கொல்லச் சொல்லிக் கேட்டாரா? ஒரு பொருளுக்குச் சொந்தக்காரரிடம், இதற்காக ஒருவரைக் கொல்லட்டுமா என்று கேட்டால் பத்தில் எத்தனை பேர் சரி என்பார்கள்? என் டிவிக்காக யாரையாவது கொன்றுவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால் நான் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பேன்?

அப்புறம், வெளியே நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்ற விஷயம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. உங்கள் வீட்டுக்குள் நடுராத்திரியில் ஒருவன் நின்றால், அவன் அங்கே நிற்கக் கூடாதவன் என்பதாவது உங்களுக்குத் தெரியும். பார்க்கிங் லாட்டில் நிற்கும்போது ஒரு கதையின் கடைசிப் பத்து நொடி மட்டும்தான் கண்ணில் படுகிறது. முன்னால் என்ன நடந்தது, யார் யாருக்கு என்ன உறவு, அந்தப் பொருள் யாருடையது, எதுவும் தெரியாது. கடனைக் கட்டாத காரை இழுத்துப் போக வருகிறார்களே, அவர்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருவார்கள், சத்தமில்லாமல் வருவார்கள், காரின் சொந்தக்காரர் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவருவார். தூரத்திலிருந்து பார்த்தால் கார் திருட்டு. 9.42-ஆம் பிரிவு சொல்கிற இரவு நேரத் திருட்டு மாதிரியே இருக்கும். ஓடுகிறவன் திருடன், துரத்துகிறவன் சொந்தக்காரன் என்று கண் உடனே கதை கட்டிவிடுகிறது. சாதாரண உடையில் இருக்கும் போலீஸ்காரர் ஒருவரைத் துரத்தினால்? அடிக்கிற புருஷனிடமிருந்து தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிற பெண்ணாக இருந்தால்?

2023 ஏப்ரலில் டெக்சஸின் எல்ஜினில் நடந்ததைப் பாருங்கள். பயிற்சி முடிந்து நள்ளிரவுக்கு மேல் பார்க்கிங் லாட்டுக்குத் திரும்பிய சியர்லீடர் பெண்களில் ஒருத்தி, தன் கார் என்று நினைத்து வேறு ஒரு காரின் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஓர் ஆள் இருந்தான். பயந்துபோய்த் தோழியின் காருக்கே திரும்பிவிட்டாள். அந்த ஆள் இறங்கி வந்து சுட்டதில் இரண்டு பெண்கள் காயப்பட்டார்கள், ஒருத்திக்கு உயிர் போய் வந்தது. தவறான கார் கதவைத் திறப்பது நீங்களும் நானும் செய்திருக்கிற காரியம். ஒரே நிறம், ஒரே மாடல், இருட்டு. அந்த நேரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் தள்ளி நின்று பார்த்தால் அது அவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்?

ஜார்ஜியாவின் பிரன்சுவிக் பக்கத்தில் 2020 பிப்ரவரி 23-ஆம் தேதி நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பகுதியில் திருட்டு நடக்கிறது என்ற பேச்சு. கட்டி முடியாத ஒரு வீட்டுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்த 25 வயதுக் கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று பேர் இரண்டு பிக்கப் வண்டிகளில் துரத்தி மடக்கினார்கள், ஒருவர் ஷாட்கன்னால் சுட்டார். அந்த வீட்டுக் கேமராவில் அவர் எதையும் எடுத்ததாக ஒரு காட்சியும் இல்லை. அங்கே எட்டிப் பார்த்தவர்கள் வேறு பலரும் உண்டு. குடிமக்களே கைது செய்யலாம் என்ற 1863-ஆம் வருடத்துச் சட்டத்தைக் காட்டித் தப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று 2021 நவம்பரில் தீர்ப்பானது, ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜார்ஜியா அந்தப் பழைய சட்டத்தை அதற்குள்ளாகவே, 2021 மே மாதத்தில், நீக்கிவிட்டது. இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருடன் என்று நம் கண் யாரை முதலில் எடுக்கும் என்பதில் தோல் நிறத்துக்குப் பங்கு உண்டு, அதில் நாமும் விதிவிலக்கு இல்லை. நாளைக்கு அந்தப் பார்வை நம் பிள்ளைகள்மேல் விழாது என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த நாட்டில் நாமும் பழுப்புத் தோல்காரர்கள்தான்.

திருடினான் என்று ஒருத்தர் சொன்ன சொல்லை நம்பி, விசாரிக்காமல் கொன்றதற்காக ஓர் அரசன் உயிர்விட்டு ஒரு நகரமே எரிந்த கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதை நமக்கு ஆங்கிலத்தில் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

குண்டைப் பற்றியும் பேச வேண்டும். பயிற்சிக் கூடத்தில் ஏழு கஜத்தில், அசையாத காகிதத்தில், நமக்குக் குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றன. அதை வைத்து நாம் நம்மைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம், நானும் நினைத்தேன். நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை நடந்த துப்பாக்கிச் சண்டைகளில் அவர்கள் சுட்டதில் சராசரியாக 18 சதவீதம்தான் குறியில் பட்டது. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மீதிக் குண்டுகள் எங்கேயோ போயின. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருவரைக் கொன்றுவிட்டு வந்த ஆள்மேல் இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். அந்த வழியாகப் போன 9 பேர் காயப்பட்டார்கள், எல்லாமே போலீஸ் குண்டும் அதன் சிதறலும் பட்டுத்தான். அங்கே சுட வேண்டிய கட்டாயம் இருந்தது, அந்த ஆள் கையில் துப்பாக்கி இருந்தது. ஒரு ட்ரில் மெஷினுக்காக அந்தச் சூதாட்டத்தை யார் பிள்ளைகளை வைத்து ஆடப்போகிறோம்? சாதாரண ஒன்பது மில்லிமீட்டர் குண்டு எதிலும் படாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். "கால்ல சுடுறேன்" என்று எழுதிய நண்பருக்கு இதை அன்போடு சொல்கிறேன்: ஓடுகிற மனிதனின் கால் என்பது மிகச் சிறிய, மிக வேகமாக அசைகிற குறி. எந்த நல்ல பயிற்றுநரும் அதைச் சொல்லித்தர மாட்டார். பட்டாலும் தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும்.

2022 பிப்ரவரி 14, ஹூஸ்டன். காரில் இருந்தபடியே பணம் எடுக்கும் ஏ.டி.எம். ஒன்றில் கணவன் மனைவி இருவரிடம் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான். இது வெறும் திருட்டு இல்லை, வழிப்பறி, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கணவர் இறங்கி, ஓடுகிறவனைப் பார்த்துச் சுட்டார். அப்போது அந்தப் பக்கமாக ஒரு பிக்கப் வண்டி வந்தது. திருடன் அதில் ஏறிவிட்டான் என்று நினைத்து அதன்மேலும் சுட்டார். அதில் இருந்தது ஒரு குடும்பம். பின்சீட்டில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் தலையில் குண்டு பாய்ந்து அவள் இறந்துபோனாள். கிராண்ட் ஜூரி அவர்மேலும் வழக்கு வேண்டாம் என்றது. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவர்தான் பாதிக்கப்பட்டவர். ஆபத்து ஓடிப்போய்விட்ட பிறகும் விரல் விசையில் இருந்தது, அவ்வளவுதான் நடந்தது. நாலைந்து நொடி. அந்தச் சிறுமியின் அப்பா அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள், பின்சீட்டில்தான் உட்காருவாள். நீங்கள் என்னோடு வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும், அடுத்த தடவை காரில் ஏறும்போது பின்சீட்டை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

சரி, சுட்டவருக்கு என்ன ஆகும்? 2015 அக்டோபரில் மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸில் ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடை வாசலில் நடந்தது நம் குழு வீடியோ மாதிரியே இருந்தது. திருடியவர்கள் காரில் தப்புகிறார்கள், கடை ஆள் கத்திக்கொண்டு துரத்துகிறார், லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண்மணி தன் துப்பாக்கியை எடுத்து ஓடுகிற காரை நோக்கிப் பலமுறை சுட்டார். டயரில் பட்டது. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். திருடியவர்களைப் போலீஸ் பிறகு வழக்கமான வழியிலேயே பிடித்துவிட்டது. அந்தப் பெண்மணிக்குக் கிடைத்தது 18 மாதக் கண்காணிப்புத் தண்டனை, லைசென்ஸும் போனது. உதவி செய்யத்தான் நினைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடை அவரிடம் உதவி கேட்கவில்லை. பெரிய கடைகளில் பலவும் தங்கள் ஊழியர்களையே துரத்தாதே, கைவைக்காதே என்று விதி போட்டு வைத்திருக்கின்றன, மீறினால் வேலையே போகும். போன சரக்கைவிட ஓர் ஊழியரின் காயமும் அதற்குப் பின்னால் வரும் வழக்கும் பெரிய நஷ்டம் என்று கணக்குப் பார்த்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரனே வேண்டாம் என்று விட்ட பொருளுக்காக நான் ஏன் என் வாழ்க்கையை வைக்க வேண்டும்?

கையில் துப்பாக்கியோடு நிற்கும் உங்களை, அவசரமாக வந்து இறங்கும் போலீஸ் யாரென்று நினைக்கும் என்பதையும் யோசியுங்கள். 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில், ஒரு போலீஸ்காரரைக் கொன்ற கொலைகாரனை ஒரு பொதுஜனம் துணிச்சலாகச் சுட்டு வீழ்த்தினார். அது உயிர்காக்கும் செயல், நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பின்னால் வந்த போலீஸ்காரர் அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார். பல உயிர்களைக் காக்க அந்த ஆபத்தில் இறங்குவதற்கு அர்த்தம் இருக்கிறது. சாமான்களுக்காக இறங்குவதற்கு இல்லை.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது பொய்க் கோபம் இல்லை. என் கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையை எடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் என் அப்பா கடைசியாக எழுதிய கடிதம் இருந்தது. லேப்டாப்புக்குக் காப்பீடு வந்தது, கடிதத்துக்கு எதுவும் வராது. புகார் கொடுத்தேன், ஒரு எண் கொடுத்தார்கள், அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பல நாள் அந்த முகம் தெரியாத ஆளை மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் "அப்போ திருடன் ஜாலியா போகட்டுமா" என்று நீங்கள் கேட்கும்போது எனக்குப் புரிகிறது. அவன் பிடிபட வேண்டும், தண்டனை பெற வேண்டும், போலீஸ் இந்தப் புகார்களை மதித்து விசாரிக்க வேண்டும். அதற்காக நகரமன்றத்தில் போய்ப் பேச நான் தயார், உங்களோடு வருகிறேன். அவன் சாக வேண்டும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கடிதத்துக்காக ஒருவனைக் கொல்கிறவன் நான் என்று தெரிந்திருந்தால், அப்பா அந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்கவே மாட்டார்.

"ஒருத்தனைச் சுட்டா நாலு பேர் பயப்படுவான்" என்ற வாதமும் வந்தது. இது பழைய வாதம், பெரிய அளவில் செய்தும் பார்த்தாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பது தொடங்கும்போது இங்கிலாந்தில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. 1699-ல் வந்த ஒரு சட்டப்படி கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைக் களவாடினால் தூக்கில் போடலாம். திருட்டு நின்றுவிடவில்லை. மாறாக ஜூரிகளுக்குக் கை நடுங்கியது. வீட்டுக்குள் 40 ஷில்லிங் திருடினால் தூக்கு என்றால், திருட்டுப் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று தெரிந்தே குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தங்கள் பொருளும் திருடுபோகிற காலத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள், ஒரு பொருளுக்காக ஒருவன் தொங்குவதைப் பொறுக்காமல் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள். 1820-களிலும் 1830-களிலும் அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின. தப்பி ஓடும் குற்றவாளியைக் கொல்லலாம் என்ற பழைய விதியே, பெருங்குற்றம் எல்லாவற்றுக்கும் தூக்கு என்றிருந்த காலத்தில் பிறந்தது. எப்படியும் சாகப்போகிறவன்தானே என்ற கணக்கு. கார்னர் தீர்ப்பும் இதைத்தான் எடுத்துச் சொன்னது, அந்தக் கணக்கு இன்றைக்கு இல்லை என்று.

எது திருட்டு, எது உயிராபத்து என்ற கோடு சில நேரம் மங்கலாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துப் பர்சைக் கேட்டால் அங்கே கேள்வி பர்சைப் பற்றியது இல்லை. ஓடுகிறவன் திரும்பி நின்று துப்பாக்கியை எடுத்தால் அந்த நொடியிலிருந்து அது வேறு நிகழ்ச்சி. குழந்தை உள்ளே இருக்கும் காரைத் திருடிக்கொண்டு போனால் அதைப் பொருள் திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடங்களில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லத் துணியவில்லை. நான் கேட்பது மங்கலே இல்லாத இடத்தைப் பற்றி: முதுகைக் காட்டி ஓடுகிற, கையில் சாமான் மட்டும் இருக்கிற மனிதன். அங்கே துப்பாக்கி உறையிலேயே இருக்க வேண்டும். மிரட்டுவதற்கு என்றுகூட வெளியே எடுக்கக் கூடாது, ஏனென்றால் வெளியே எடுத்த பிறகு பின்வாங்குவது எவ்வளவு கடினம் என்று கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

சுடும் பயிற்சி சொல்லித்தரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெக்சஸ் லைசென்ஸ் வகுப்பில் சட்டத்தைச் சொல்லித் தருவதோடு, சண்டையில்லாமல் தகராறைத் தீர்ப்பதையும் சொல்லித் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. நான் போன வகுப்பில் அந்தப் பகுதி ஐந்து நிமிடத்தில் முடிந்தது, 9.42-க்கு முக்கால் மணி நேரம், அதுவும் சிரிப்போடு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சட்டம் எதை விடுகிறது என்று சொல்லும் அதே மூச்சில் ஹூஸ்டன் சிறுமியைப் பற்றியும் சொல்லுங்கள், வகுப்பில் கொஞ்ச நேரம் அமைதி வரட்டும்.

அடுத்த தடவை உங்கள் கண்முன்னே யாராவது சாமானோடு ஓடினால், கார் நம்பரைப் படியுங்கள், நிறத்தைப் பாருங்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் திரும்பினார்கள், என்ன சட்டை, எல்லாவற்றையும் மனதில் வாங்குங்கள், அல்லது கைபேசியில் எடுங்கள். 911-க்குப் போன் செய்து நிதானமாகச் சொல்லுங்கள். கத்திக்கொண்டு வந்த கடை ஆளுக்கு மூச்சு வாங்கினால் பக்கத்தில் போய் நில்லுங்கள், பயந்த பிள்ளைகள் இருந்தால் தள்ளிக் கூட்டிப் போங்கள். போலீஸ் வரும்வரை காத்திருந்து வாக்குமூலம் கொடுங்கள். வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கும் போய்ச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கிற வேலைதான், லீவு போட வேண்டியிருக்கும்.

அந்த வீடியோவின் கீழே நான் போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டேன். குழுவில் யார் யார் போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டில்தான் இருப்பேன். இதில் எந்த வரியோடு உங்களுக்குச் சண்டை இருந்தாலும் நேரில் வாருங்கள், பேசுவோம்.

உங்கள் நண்பன்